கடல் தாண்டும் மறைப்பணிக்குக் காரைக்குடிச் சாமான்: எது பெட்டியில் ஏறலாம், எது வேண்டாம்

தான்சானியா, எத்தியோப்பியா, பாப்புவா நியூ கினி, ஜெர்மனி என்று எங்கே மறைப்பணிக்கு (கிறிஸ்தவ நற்செய்திப் பணிக்கு) பெயர் வந்தாலும், புறப்படும் சுவாமியாரோ சிஸ்டரோ வாய் திறப்பதற்குள் உறவினர்கள் காரைக்குடிப் பலகாரக் கடைக்குப் போய்விடுகிறார்கள். பெட்டியில் பாதி இடம் தேன்குழலுக்கும் கைமுறுக்குக்கும் போய்விடும். அந்த அன்பு பெரியது. ஆனால் விமானத்தில் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. அதற்குள் உடுப்பு, புத்தகம், அங்கி எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே இங்கே வாங்கும் ஒவ்வொரு சாமானையும் ஒரு கேள்வி கேட்டு எடைபோட வேண்டும்: அங்குள்ளவர்கள் ஆக்கிப் போடுவதை மனமாரச் சாப்பிட இது துணை நிற்குமா, இல்லை, அவர்கள் பந்தியை விட்டு நம்மை ஒதுக்கி உட்கார வைக்குமா?

இந்தக் கேள்வி நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய மறைப்பணியாளர் ராபர்ட் தெ நோபிலி புலாலை விட்டு, காவி கட்டி, அரிசிச் சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் உயிர் கொடுத்த போர்த்துகீசியர் அருளானந்தரும் பண்டார சுவாமியாக, அதாவது நம் ஊர்த் துறவிக் கோலத்தில், அப்படியே இருந்தார். இங்கே வந்தவர்கள் நம் இலையில் உட்கார்ந்தார்கள். இங்கிருந்து போகிறவர்களுக்கும் அதுவே வழி. அதற்கு உதவும் சாமான் எது என்பதுதான் இந்த மதிப்பீடு.

முதல் இடம் பொடிக்கு. தான்சானியாவில் தினமும் மக்காச்சோள மாவுக் களியான உகாலி, அவரை வகைக் குழம்பு, கீரை. காரத்தைத் தனியாக ஓரத்தில் வைப்பார்கள். பாப்புவா நியூ கினி மலைப்பகுதியில் வேகவைத்த சர்க்கரைவள்ளி. ஜெர்மனியில் இரவுச் சாப்பாடு பல வீடுகளில் ஆறிய ரொட்டி, பாலாடைக்கட்டி, அவ்வளவுதான்; அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். நாள் முழுக்க உழைத்துவிட்டுச் சூடான சோற்றை எதிர்பார்ப்பவருக்கு இது முதல் சில வாரங்கள் சிரமம். மேலே சொன்ன எல்லாவற்றோடும் ஒட்டுவது பருப்புப் பொடியும் இட்லி மிளகாய்ப் பொடியும்தான். சர்க்கரைவள்ளியோடு மிளகாய்ப் பொடி மிக அருமையாகச் சேரும். வெண்ணெய் தடவிய ரொட்டியில் பருப்புப் பொடி தூவினால் போதும். எத்தியோப்பியா போகிறவர்கள் மட்டும் பாதியாகக் குறைக்கலாம். அங்கே புளித்த மாவில் சுடும் இஞ்சேரா என்ற அப்பமும் பெர்பெரே மசாலாவும் நம் நாக்குக்கு ஏற்கெனவே போதுமான புளிப்பும் காரமும் தரும்.

அளவு: ஒருவருக்கு நாளைக்கு 10 கிராம் என்றால் மாதம் 300 கிராம், ஆறு மாதத்துக்கு 1.8 கிலோ. அதற்கு மேல் வேண்டாம், வாசனை போய்விடும். 250 கிராம் பொட்டலங்களாகப் போட்டு, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைப் பிரிக்க வேண்டும்.

பொடி கெடுவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அரைகுறை வறுவல்: பருப்பின் நடுவில் ஈரம் நின்றால் கட்டி தட்டும், பூச்சி வரும். உளுந்தும் கடலைப்பருப்பும் தனித்தனியாகச் சிறு தீயில் பொன்னிறம் வரும்வரை வறுபட வேண்டும். கல் உப்பையும் வெறும் சட்டியில் வறுத்துச் சேர்த்தால் அதிலுள்ள ஈரமும் போகும். இரண்டாவது, எள், கொப்பரை, பூண்டு: முதல் இரண்டின் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பூண்டு ஈரம் இழுக்கும். பயணப் பொடியில் எள்ளைப் பாதியாக்கி, மற்ற இரண்டையும் விட்டுவிடுவது நல்லது. மூன்றாவது, சூடாகக் கட்டுவது: மில்லிலிருந்து வரும் பொடி கை சுடும். அப்படியே கவரில் போட்டால் உள்ளே வியர்க்கும். சுத்தமான வேட்டித் துணியில் பரப்பி முழுக்க ஆறியபின் கட்ட வேண்டும்.

எங்கே வாங்குவது? காரைக்குடியில் மூன்று வழி உண்டு. டவுனில் உள்ள கடைகளில் சேர்மானப் பட்டியல், தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட பாக்கெட் கிடைக்கும். சுவை நடுத்தரம். ஆனால் சுங்கத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்குப் பெயரில்லாத பழுப்புப் பொடி சந்தேகப் பொருள்; லேபிள் உள்ள பாக்கெட் என்றால் நிமிடத்தில் விட்டுவிடுவார். வீட்டில் செய்து விற்கும் ஆச்சிமார் கைப்பக்குவம் வேறு தரம். ஆனால் லேபிள் இருக்காது, நான்கைந்து நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். "ஆச்சி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோறது, பூண்டு கொப்பரை இல்லாமத் திரிச்சுக் குடுங்க" என்று சொன்னால் அவர்களுக்கே விஷயம் புரியும். மூன்றாவது, நாமே வறுத்து மில்லில் கொடுப்பது. இதில் நமக்கு முன் எதைத் திரித்தார்கள் என்று கேட்டுக்கொண்டு, முதலில் விழும் ஒரு கைப்பிடியை ஒதுக்கிவிட வேண்டும். என் தீர்ப்பு: தனியாகப் போகிறவர்களுக்குக் கடைப் பாக்கெட், ஏற்கெனவே ஆள் இருக்கும் இல்லத்துக்குப் போகிறவர்களுக்கு ஆச்சி வீட்டுப் பொடி. வீட்டுப் பொடியானால் ஆங்கிலத்தில் சேர்மானமும் தேதியும் தட்டச்சிட்டு ஒட்டியே ஆக வேண்டும்.

கறி மசாலாவில் ஒரு பெரிய எச்சரிக்கை. செட்டிநாட்டுக் குருமாவின் உயிர் கசகசா. அதைத்தான் ஐக்கிய அரபு அமீரகமும் சவூதியும் சிங்கப்பூரும் போதைப்பொருள் சட்டத்தில் வைத்திருக்கின்றன. ஆப்பிரிக்கா போகும் வழியில் துபாய், பாப்புவா போகும் வழியில் சிங்கப்பூர் என்று இறங்கி ஏறுகிறவர்கள் ஒரு சிட்டிகைகூட வைத்திருக்கக் கூடாது. கடையில் கசகசா இல்லாத மசாலா வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். அங்கே போனபின் முந்திரி அரைத்துவிட்டால் குழம்பு கெட்டிப்படும்.

முழு மசாலாவில் கொண்டுபோக வேண்டியவை கல்பாசி, மராட்டி மொக்கு, பெருங்காயம் மட்டும். கல்பாசி 50 கிராம் ஓர் ஆண்டுக்குப் போதும். கிராம்பு, ஏலம், பட்டையைத் தான்சானியாவுக்குச் சுமப்பது வீண். சான்சிபார் தீவே கிராம்பு விளையும் இடம். புளியும் அங்கே சந்தையில் கிடைக்கும். விக்டோரியா ஏரியின் சின்னக் கருவாடு இருக்கும்போது நம் ஊர்க் கருவாட்டைக் கட்டிப் பெட்டியை நாறடிக்க வேண்டியதில்லை.

நாட்டுக்கு நாடு தடை மாறும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணியின் பெட்டியில் இறைச்சியும் பால் பொருளும் வரக்கூடாது. நெய் டப்பா போகாது. மோர் மிளகாயும் தயிரில் ஊறியது என்பதால் விட்டுவிட வேண்டும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. இறைச்சி கலக்காத பிஸ்கட், கேக், மிட்டாய் வகைகளுக்கு விலக்கு உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று இல்லாமல் வழியில்லை, பொடியாக்கி எடுத்துப் போகலாம். ஆஸ்திரேலியா வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் கெடுபிடி: தானிய வண்டு பயத்தால் அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, சீரகம், கொத்தமல்லி, சோம்பு, வரமிளகாய் இவற்றைப் பதப்படுத்தாமல் முழுதாகப் பெட்டியில் கொண்டுவரத் தடை. எந்தத் தின்பண்டமானாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். நம் விமான நிலையத்திலேயே நிற்பது கொப்பரை. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் இயல்பு உள்ளதால் 2022 முதல் செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை.

பலகாரத்துக்கு இரண்டாம் இடம், அதுவும் கொடுப்பதற்காக. போய் இறங்கும் இல்லத்தில் முதல் வாரமே எல்லாரும் கூடும் மேசையில் வைத்துத் தீர்த்துவிட வேண்டும். இந்தக் கணக்கில் சிறந்தது சீப்புச் சீடை: சிறிது, உடையாது, காரம் குறைவு, குழந்தைகளும் தின்பார்கள். தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்தால் சுவை கூடும், ஆயுள் குறையும். பயணத்துக்கு வெந்நீரில் பிசையச் சொல்லுங்கள். தேன்குழல் சுவையில் முதல், பயணத்தில் கடைசி; பாதி தூளாகத்தான் இறங்கும். கைமுறுக்கில் சிறிய சுற்றாகக் கேட்டு வாங்கினால் தப்பும். மணகோலத்தில் வெல்லப்பாகு இருப்பதால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் திறந்த மறுநாளே பிசுபிசுக்கும், தேங்காய்ப் பல்லும் சேர்ந்திருக்கும். வேண்டாம். அதிரசம் எண்ணெய் கக்கிப் பக்கத்திலுள்ள துணியைக் கெடுக்கும். மாவுருண்டை உதிரும், ஆனால் உதிர்ந்த மாவைப் பிடித்து மீண்டும் உருட்டலாம் என்பது ஆறுதல். புது எண்ணெயில் போட்டதா என்று கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. பழைய எண்ணெய்ச் சரக்கு பத்தே நாளில் காறல் அடிக்கும். காற்று உறிஞ்சிக் கட்டும் முறை பொடிக்கு நல்லது, முறுக்கை நொறுக்கிவிடும். பலகாரத்துக்குக் காற்றோடு ஒட்டிய கவர், வெளியே தகர டப்பா.

எத்தியோப்பியாவில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் புதன், வெள்ளியோடு தவக்காலம் முழுக்க இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். நெய்யில் செய்த பண்டத்தை அந்த நாட்களில் நீட்டினால் மறுக்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் தவிப்பார்கள். கடலை எண்ணெய்ச் சீடை எந்த நாளும் செல்லும். அதே ஊரில் நமக்கும் ஒரு பெரிய சோதனை உண்டு. ஒரே தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து உண்பார்கள். அன்பு மிகுந்தவர் இஞ்சேராவைச் சுருட்டி நம் வாயில் தம் கையாலேயே ஊட்டுவார். எச்சில் பார்த்து வளர்ந்தவருக்கு உடம்பு கூசும். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வது முதல் நாளிலிருந்தே பழக வேண்டிய பணி. ஆறுதலான விஷயமும் உண்டு: அங்கும் கிழக்கு ஆப்பிரிக்க வீடுகளிலும் சாப்பாட்டுக்கு முன் செம்பு நீர் ஊற்றிக் கைகழுவ வைப்பார்கள். கையால்தான் உண்பார்கள். வலது கைதான்.

பாத்திரத்தில் கட்டாயம் எடுக்க வேண்டியது 3 லிட்டர் குக்கர். அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். பாப்புவாவின் மவுண்ட் ஹாகன் பக்கமும் இதே கதை. ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு இண்டக்‌ஷன் பரவிவருவதால் அலுமினியக் குக்கர் சூடாகாது. காரைக்குடிப் பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் குக்கர் கேட்டு, அடியில் காந்தம் ஒட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். கேஸ்கட் 2, சேஃப்டி வால்வு 2 சேர்த்தே வாங்க வேண்டும். மற்ற நாட்டில் அந்த அளவு கேஸ்கட் தேடி அலைவது பெரும்பாடு.

பணியாரக் கல்லைத் தான்சானியாவுக்கு எடுக்காதீர்கள். அங்கே அரிசியும் தேங்காய்ப்பாலும் ஏலமும் சேர்த்து விடும்புவா என்று ஒன்று சுடுகிறார்கள், குழிச் சட்டி அங்கேயே கிடைக்கும். நம் வெள்ளைப் பணியாரம் தெரிந்தவர்கள் அந்த அம்மாக்கள் அடுப்பருகே போய் நின்றாலே பேச்சு தொடங்கிவிடும். ஜெர்மன் அடுப்புக்கும் இரும்புக் கல் ஆகாது. குழிகள் தட்டையான அடுப்பில் பதியாது, கண்ணாடியும் கீறும். மிக்ஸி ஜெர்மனியிலும் தான்சானியாவிலும் 230 வோல்ட்டில் ஓடும், பிளக் மாற்றி மட்டும் தேவை. அமெரிக்காவின் 120 வோல்ட்டில் ஓடாது. ஜெர்மன் அடுக்குமாடிகளில் ஞாயிறு முழுவதும், இரவு 10-க்குப் பிறகும் இரைச்சல் கூடாது என்பது ஊர் வழக்கம், சட்டமும்கூட. மாவரைப்பை சனிக்கிழமை பகலில் முடித்துவிட வேண்டும். வரமிளகாய் வறுத்தால் கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறும். பொடியை இங்கேயே திரித்துக்கொண்டு போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வத்தலில் சுண்டையும் மணத்தக்காளியும் தலா 200 கிராம். ஊறுகாய் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. எடை அதிகம், எண்ணெய் கசியும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். அதைவிட மண்டி என்ற செட்டிநாட்டுக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டு போவது மேல். அரிசி கழுவிய நீர், புளி, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், வெண்டைக்காய்: ஆப்பிரிக்காவில் வெண்டைக்காய்க்குப் பஞ்சமில்லை, உகாலியோடும் அது பொருந்தும்.

ஆர்டர் கொடுக்கும் வரிசை: குக்கர் ஒரு மாதம் முன்பே வாங்கி வீட்டில் நாலு முறை சமைத்துப் பாருங்கள், வால்வு கோளாறு இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். பொடி பத்து நாள் முன். பலகாரம் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன், அதற்கு முந்தி வேண்டாம். காரைக்குடியிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தகர டப்பாவைக் கார் டிக்கியில் அடியில் வைத்து மேலே பெட்டியை ஏற்றாமல், மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.