கொள்ளுத்தாத்தாவைத் தேடித் தருகிறேன் என்பவருக்கு முன்பணம் அனுப்பும் முன்

‘பூர்வீகம் தேடித் தருகிறோம், வம்சாவளி எடுத்துத் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அப்படி ஒருவரை நம்பி நான் 38,000 ரூபாய் விட்டேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. இரண்டு அமாவாசை, யாரென்றே தெரியாத ஒருவருக்கு என் கையால் எள்ளும் தண்ணீரும் விட்டேன்.

என் அப்பா கறுப்புச்சட்டைக்காரர். திதி, திவசம் எதுவும் செய்தவரில்லை. அவர் போனபிறகு அம்மாவின் மனத்திருப்திக்காக ஆடி அமாவாசையன்று மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் போனேன். சாஸ்திரிகள் அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். தாத்தா பெயர் கேட்டார், சொன்னேன். கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டார். வாய் திறக்கவில்லை. பின்னால் இருபது பேர் ஈர வேட்டியோடு காத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது. ‘கப்பல்காரர்’, அவ்வளவுதான். மதுராந்தகம் பக்கத்து ஊரிலிருந்து மெட்ராஸ் வந்து கப்பலேறினவர் திரும்பவில்லை. எங்கே போனார், ரங்கூனா, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலா, மலாயாவா, ஆளுக்கொன்று சொல்வார்கள். கொள்ளுப்பாட்டி அந்தக் காலத்து மனுஷி, புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். யாராவது கேட்டால் ‘அவரு’ என்பாளாம். அவளோடு பெயரும் போய்விட்டது. மிஞ்சியது தாத்தாவின் இனிஷியல் மட்டும்: மு.

அந்த நேரம் பார்த்துத்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. ஆளை எழும்பூரில் சந்தித்தேன். காந்தி இர்வின் சாலையில், 1909இலிருந்து அங்கே நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு, அதாவது தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. கக்கத்தில் நாடா கட்டிய ஃபைல். ‘சார், நீங்க தெரிஞ்சதையெல்லாம் சொல்லுங்க, சின்ன விஷயம்கூட விடாதீங்க’ என்றார். நானும் இரண்டு டீ முடியும்வரை கொட்டினேன். ஊர், இனிஷியல், கப்பல், கொள்ளுப்பாட்டிக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டு வாசலில் நின்ற புளியமரம். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார். பின்னால் அவர் எனக்கு விற்றது அந்த நோட்டைத்தான்.

முதலில் 5,000 ஜிபே செய்தேன். பத்து நாளில் ‘ஒரு தடயம் கிடைச்சிருக்கு’ என்று 9,000. அப்புறம் ‘லண்டனில் பிரதி எடுக்கணும்’ என்று 12,000. கடைசியில் ‘சான்றொப்பம்’ என்று 12,000. ஒவ்வொரு முறையும் பாதி நல்ல செய்தி, பாதி பில்.

மார்கழியில் கொரியர் வந்தது. உள்ளே இரண்டு தாள், இரண்டும் லேமினேட் செய்தவை. ஒன்று, 1921இல் ரங்கூன் போக வழங்கியதாகச் சொல்லும் பாஸ்போர்ட் பதிவேட்டின் நகல். மு-வில் தொடங்கும், ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் ஒரு பெயர். மற்றது ரங்கூனிலிருந்து அவர் எழுதிய கடிதம். ‘அன்புள்ள மனைவிக்கு, இங்கே அரிசி ஆலையில் வேலை கிடைத்துள்ளது. பிள்ளைகள் நலமா? நம் வீட்டுப் புளியமரத்தை நினைத்துக்கொள்கிறேன்...’

புளியமரம் என்று படித்ததும் அழுதுவிட்டேன். ஐம்பத்தாறு வயது ஆள், நடுக்கூடத்தில் உட்கார்ந்து. புளியமரத்தை அவரிடம் சொன்னதே நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

தை அமாவாசைக்கு அந்தப் பெயரைச் சொல்லித் தர்ப்பணம் கொடுத்தேன். அடுத்த ஆடிக்கும் கொடுத்தேன்.

அதன்பிறகுதான் பெரம்பூரில் இருக்கும் அத்தையிடம் கடிதத்தைக் கொண்டுபோனேன். அப்பாவின் அக்கா, வயது எண்பத்து நாலு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு வரி படித்தார். நிமிர்ந்தார்.

‘யாருடா எழுதினது இதை?’

‘கப்பல்காரர் அத்தை. உன் தாத்தா.’

‘இந்த லை-யைப் பாரு. உன் பொண்ணு எழுதற லை. கொம்பு எங்கே?’

எனக்கு முதலில் புரியவில்லை. அத்தை பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து, பேனாவால் மெதுவாக ‘வேலை’ என்று எழுதிக் காட்டினார். ல-வின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழிப்பு. பக்கத்தில் ‘பிள்ளை’. அதிலும் துதிக்கை. லேமினேட் தாளில் இருந்த லை, ளை எல்லாம் முன்னால் தனியாக ஐகாரக் குறி போட்டு, இன்றைய பாடப்புத்தகம் போலவே இருந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபிறகுதான் ணை, லை, ளை, னை பொதுவாக எல்லா இடத்திலும் இந்த உருவத்துக்கு மாறின. ணா, றா, னா-வும் அப்படித்தான், அதுவரை துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து வளைந்திருக்கும். 1921இல் ரங்கூனில் உட்கார்ந்து எங்கள் கப்பல்காரர் 57 வருஷம் கழித்து வரப்போகும் எழுத்தில் கடிதம் போட்டிருக்கிறார்!

அத்தை அதோடு விடவில்லை. ‘எந்தக் காலத்துலடா புருஷன் பொண்டாட்டிக்கு அன்புள்ளன்னு எழுதினான்? மேலே பிள்ளையார் சுழி இல்லே. க்ஷேமம் இல்லே. அதுவும் எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கவே தெரியாது. எழுதியிருந்தா அவ தம்பிக்குத்தான் எழுதியிருப்பாரு.’

வீட்டுக்கு வந்து மற்ற தாளை விரித்தேன். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தச் சேலையும் வந்த கதை. பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். மெட்ராஸிலிருந்து ரங்கூன் போவது ஒரே நாட்டுக்குள் போவதுதான், டெக் டிக்கெட், அதாவது கப்பலின் திறந்த மேல்தளத்துக்கான டிக்கெட், எடுத்தால் போதும். பாஸ்போர்ட் எதற்கு? அதில் பயணக் கட்டணம் ‘ரூ. 14.50’ என்று இருந்தது. புள்ளி வைத்த பைசாக் கணக்கு 1957 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. பதினாலரை ரூபாயை 14-8-0 என்றுதான் எழுதுவார்கள். வங்கியில் முப்பது வருஷம் லெட்ஜர் பார்த்தவன் நான். இதை வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன் செய்தேன். ‘சார், அது அசலைப் பார்த்துப் புதுசா எழுதின நகல்’ என்றார். சரி, அசல் எங்கே? ‘உள்ளே இருக்கு.’ என்ன எண்? அதற்குப் பதில் இல்லை. ஆவணக்காப்பகத்து அரசாணை என்றால் எண், தேதி, எந்தத் துறை என்று இருக்கும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எடுத்தது என்றாலும் தொகுதி எண் இருக்கும். அதைச் சொன்னால் நாமே போய்க் கேட்டுச் சரிபார்க்கலாம். என்னிடம் இருந்த இரண்டு தாளிலும் ஓர் எண்கூடக் கிடையாது. லண்டன் கதையே அபத்தம். அங்கேயுள்ள இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த பழைய அலுவலகம்) ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்களுடையவை. மதுராந்தகத்துக் குடியானவர் அதில் எங்கிருந்து வருவார்?

‘ஆராய்ச்சியில் தப்பு வர்றது சகஜம் சார்’ என்றவர் அன்று சாயங்காலமே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். இணையப் பணமோசடிக்கு 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட்டால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் கூப்பிட்டபோது முதல் ஜிபே போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதில் எரிச்சலான விஷயம், சில தேடலுக்குக் காசே தேவையில்லை. கப்பல்காரர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போயிருந்தால் அந்தக் கப்பல் பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ முதல் 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து தேடினேன். எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் இருக்கிறார்கள், இவர் இல்லை. ரங்கூனுக்கு டெக்கில் சொந்தக் காசில் போனவருக்கு அப்படி ஓர் ஒப்பந்தப் பதிவு இருக்காது. ‘பர்மா பதிவேட்டில் உங்கள் தாத்தாவைப் பிடித்துவிட்டேன்’ என்று எவர் சொன்னாலும் முதல் கேள்வி, எந்தப் பதிவேடு, என்ன எண் என்பதாக இருக்கட்டும். உங்களுக்குத் தெரிந்ததில் பாதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அவராகக் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள்.

உண்மையான பெயர் கிடைத்தது அத்தை வீட்டுக் கட்டிலுக்கு அடியில். தாத்தா 1941இல் மனை வாங்கிய கிரயப் பத்திரம், தகரப் பெட்டியில் பழைய ஜாதகங்களோடு மடிந்து கிடந்தது. பத்திரத்தில் தகப்பன் பெயர் எழுதாமல் முடியுமா? ‘காலஞ்சென்ற மு... குமாரர்’ என்று இருக்கிறது. லேமினேட் தாளில் இருந்த பெயர் அல்ல. ஒற்றுமை மு மட்டும்தான். பத்திரத்தில் லை எல்லாம் துதிக்கையோடு இருக்கிறதா என்று அத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். அந்தப் பெயரை இங்கே போடமாட்டேன். வேறு எவராவது இதை எடுத்து இன்னொரு குடும்பத்துக்கு விற்றுவிடுவார்.

எங்கே போனார் என்பது இன்னும் தெரியாது. 1941க்கு முன் அவர் இறந்துவிட்டதாக வீட்டில் முடிவு கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஆடி அமாவாசைக்கு அதே படிக்கட்டு, அதே சாஸ்திரிகள். புதுப் பெயரைச் சொன்னதும் தர்ப்பையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ‘அப்போ நான் இரண்டு தடவை கொடுத்தது?’ என்று கேட்டேன்.

‘தெரிஞ்ச பித்ரு, தெரியாத பித்ரு எல்லாருக்கும் சேர்த்துக் கடைசியில ஒரு மந்திரம் உண்டு சார். அந்தக் கணக்குல யாருக்கோ போயிருக்கும்’ என்றார். ‘கையை நீட்டுங்கோ, எள்ளு விடறேன்.’