கோப்பு வராத ராத்திரி: எஸ்எஃப்டிபி ஸ்கிரிப்டா, எம்எஃப்டியா?

நிறுவனங்கள் தங்களுக்குள் கோப்பு அனுப்பிக்கொள்ளும் பழைய எஃப்டிபியை வைத்துக்கொள்ளலாமா என்பதில் பேச ஒன்றுமில்லை. 1971-இல் அபய் பூஷண் எழுதிய நெறிமுறை (புரோட்டோகால்). பாஸ்வேர்டும் கோப்பும் தபால் கார்டு மாதிரி திறந்தபடி போகும். 2021-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும்கூட அதைக் கைகழுவிவிட்டன. ஆனாலும் பெரிய நிறுவனங்களுக்குள் "ஓடுறதை ஏன் தொடணும்?" என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களிடமும் ஆடிட்டில் மாட்டும்வரை ஓடியது.

எதற்கு மாறுவது என்பதில்தான் சண்டை. ஒரு பக்கம் ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற இலவச மென்பொருளோடு வரும் எஸ்எஃப்டிபி (குறியாக்கம் செய்து அனுப்பும் முறை), கூடவே கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே தொடங்கிவைக்கும் வசதி) ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட். மறுபக்கம் காசு கொடுத்து வாங்கும் எம்எஃப்டி: கோப்பு அனுப்புவதையும் கண்காணிப்பதையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள். பழைய எஃப்டிபிக்கே குறியாக்கம் மாட்டிய எஃப்டிபிஎஸ்ஸை நான் ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை. கட்டளைக்கு ஒரு போர்ட் (இணைப்பு நுழையும் வாசல்), தரவுக்கு ஒரு கூட்டம் போர்ட் என்று திறக்கச் சொன்னால் ஃபயர்வால் டீம் சண்டைக்கு வரும். எஸ்எஃப்டிபிக்கு 22-ஆம் போர்ட் ஒன்றே போதும்.

குறியாக்கத்தில் பெரிய வித்தியாசமில்லை. எம்எஃப்டியும் பெரும்பாலும் அதே எஸ்எஃப்டிபியில்தான் அனுப்புகிறது. விலையில் ஸ்கிரிப்ட்தான் ஜெயிக்கும். நானும் முதலில் அந்தக் கட்சிதான்.

கட்சி மாற வைத்தது, வராத கோப்பு. கிரான் 2 மணிக்கு எழுந்து ஃபோல்டரைப் பார்க்கும். கோப்பு இருந்தால் எடுத்துப்போகும். இல்லாவிட்டால் திரும்பப் படுத்துக்கொள்ளும். எர்ரர் கிடையாது, மெயில் கிடையாது. ஒரு மாதக் கடைசியில் சம்பளக் கோப்பு இப்படித்தான் போகாமல் நின்றது. காலையில் பேங்க்காரர் போன் செய்துதான் எங்களுக்கே தெரிந்தது. பாதிக் கோப்பு இன்னும் மோசம்: அனுப்புகிறவர் ஏற்றி முடிப்பதற்குள் நம் ஸ்கிரிப்ட் அள்ளிக்கொண்டு போய்விடும். வேறு பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயரை மாற்றினால் தீரும்தான். எங்களோடு கோப்பு பரிமாறும் 60 பார்ட்னர் நிறுவனங்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் ஸ்கிரிப்டிலேயே வழி உண்டு. எழுதினோம்: வராவிட்டால் மெயில், அறுந்தால் மறுமுயற்சி, செக்சம் (கோப்பு சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் எண்), லாக். எழுதிய அண்ணன் வேறு கம்பெனிக்குப் போனார். பிறகு ஒருநாள் சர்வரை அப்டேட் செய்தோம். 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல், ஷா-1-ஐ வைத்துக் கையொப்பமிடும் பழைய ஆர்எஸ்ஏ முறை (இணைபவர் யாரென்று நிரூபிக்கும் ஒரு வழி) இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். பழைய கிளையன்ட் வைத்திருந்த பார்ட்னர்களெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். யாருக்கு எந்தக் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான மின்சாவி) என்ற பட்டியல், அண்ணன் ஒப்படைத்துவிட்டுப் போன லேப்டாப்பில் எக்செல்லாக இருந்திருக்கிறது. லேப்டாப்பை ஃபார்மேட் செய்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

எம்எஃப்டியில் "இது 2 மணிக்குள் வரவேண்டும்" என்று ஒரு விதி வைத்தால், வராதபோது டியூட்டியில் இருப்பவருக்குத் தகவல் போகும். எந்தப் பார்ட்னருக்கு எந்தக் கீ, யார் எப்போது எடுத்தார்கள் எல்லாம் திரையிலேயே இருக்கும். புதிதாக வந்த பிள்ளை ஒரு வாரத்தில் பழகிவிட்டது. லைசென்ஸ் காசு இதற்காகத்தான் என்பேன்.

ஆனால் திருடர்களுக்கும் அந்த எம்எஃப்டி மாதிரிப் பெட்டிமேல்தான் கண். உடைபட்ட கோப்புப் பரிமாற்ற மென்பொருள்கள்: 2020 டிசம்பரில் அக்செலியனின் எஃப்டிஏ (அப்போதே அதற்கு 20 வயது), 2023 தொடக்கத்தில் கோஎனிவேர், மே கடைசியில் மூவிட். மூவிட்டில் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (டேட்டாபேஸுக்குள் கள்ளக் கட்டளையைச் செருகும் தந்திரம்) ஓட்டை வழியாக க்ளாப் என்ற மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல் 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தரவை அள்ளியது. மூன்றிலும் வழிவிட்டது வெப் பக்கம்தான். அதனால் நாங்கள் வெளியே 22 மட்டும் திறந்தோம். நிர்வாகத் திரையான கன்சோல் உள் நெட்வொர்க்கில் மட்டும். எடுத்து முடித்த கோப்பு ஒரு நாளைக்கு மேல் அங்கே தங்காது. எஸ்எஃப்டிபி மட்டும் என்றால் நிம்மதி என்றும் இல்லை: 2024 ஜூனில் மூவிட்டின் எஸ்எஃப்டிபி பகுதியிலேயே ஓட்டை, அடுத்த மாதமே ஓபன்எஸ்எஸ்ஹெச்சிலும் ஒன்று. பேட்ச் வந்த அன்றே போட ஆள் வேண்டும், எதை வாங்கினாலும்.

கிளவுடில் கிடைக்கும் சேவைகளை 2 மாதம் சோதனைக்குத்தான் ஓட்டினேன்; பெரிய சுமையில் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பார்ட்னர்கள் 5 பேர்தான் என்றால் எம்எஃப்டி வேண்டாம், ஸ்கிரிப்டே போதும். கீ பட்டியலை மட்டும் பொது இடத்தில் வையுங்கள்.

ஒரே ஒரு பார்ட்னர் மட்டும் இன்னும் எஃப்டிபியில்தான். அவர்கள் மெயின்ஃப்ரேமைத் தொட அங்கே யாரும் தயாரில்லை. விபிஎன் என்ற குறியாக்கப்பட்ட தனிப் பாதைக்குள் அடைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.