ஃபயர் சேஃப்டி + இங்கிலீஷ் கோர்ஸ், தண்டையார்பேட்டை: சேரலாமா?

மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனில சேஃப்டி வேலைக்குப் போகணும்னு நினைக்கிறவங்க இந்த சாயங்கால கோர்ஸ்ல தாராளமா சேரலாம். எரியுற டீசல் ட்ரே முன்னாடி நிக்க வச்சு, தீயணைக்கிற சிலிண்டரோட பின்னைப் புடுங்கி, நாசிலை நெருப்போட அடியைப் பாத்துப் புடிச்சு, லீவரை அமுக்கி, இப்படியும் அப்படியும் வீசச் சொல்லுவாங்க, எண்ணெய் தீக்கு ஃபோம், கரண்ட் தீக்கு சிஓடூ கேஸ், தண்ணிய கிட்டவே கொண்டு போகாதன்னு மாஸ்டர் கத்துற கத்துல ஜென்மத்துக்கும் மறக்காது. கூடவே இங்கிலீஷ் கிளாஸ், நாப்பது வயசு தாண்டுன அண்ணனுங்க கூட கூச்சப்படாம வாக்கி டாக்கில ரிப்போர்ட் சொல்லிப் பழகுறாங்க, எனக்கு அதான் ரொம்பப் புடிச்சுது. தண்ணி அடிக்கிற ஹோஸ் பைப் மட்டும் ரொம்பப் பழசு, ஜாயின்ட்ல ஒழுகுது, வாங்குற ஃபீஸுக்கு அதை மாத்தியே ஆகணும். அப்புறம் கவர்மென்ட் ஃபயர்மேன் வேலைக்கு இந்த சர்டிபிகேட் மட்டும் போதாது, அதுக்கு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வைக்கிற எக்ஸாமைத் தனியா எழுதணும், கேட்டுட்டு சேருங்க.