கீசர் சுவிட்ச் சூடாகுதுன்னு ஆள் கூப்பிட்டு 5,080 ரூபா ஏமாந்த கதை

கோயமுத்தூர்ல இருக்கோம், 15 லிட்டர் கீசர், 2000 வாட்ஸ். கார்த்திகை கடைசில ஒருநாள் குளிச்சிட்டு வந்து சுவிட்ச ஆஃப் பண்ணப் போனா விரல் வைக்க முடியல, அவ்ளோ சூடு, வெள்ளை சுவிட்ச் ஓரமெல்லாம் பழுப்பாயிருக்கு. தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு ஒரு எலக்ட்ரீஷியன கூப்பிட்டோம், வந்தான், சுவிட்ச மாத்தினான், 480 ரூபா. கருகிப்போன வயர் முனைய வெட்டாம அப்படியே புது சுவிட்ச்ல சொருகினத நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். வெட்ட வேணாமாங்கன்னு கேட்டதுக்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, அண்ணன் இருக்காருங்களா"ன்னான். எங்கிட்ட பேசமாட்டானாம்.

ரெண்டு வாரத்துல அதுவும் உருகிடுச்சு. இப்ப கீசர் எலிமென்ட் (உள்ள தண்ணிய சூடாக்கற கம்பி) போயிடுச்சு, கரண்ட் ஜாஸ்தி இழுக்குதுன்னு சொல்லி எலிமென்ட் மாத்தி 1,400. மறுபடியும் சூடு. மூணாவது தடவ வந்து, லைனே சரியில்ல, நாலு ஸ்கொயர் (4 சதுர மி.மீ., தடியான) வயர் புதுசா இழுக்கணும்னு 3,200 வாங்கிட்டான். அன்னிக்கு நான் வேலைக்குப் போயிட்டேன், தப்பு அங்கதான். சாயங்காலம் வந்து பார்த்தா சுவிட்ச் பாக்ஸ்ல நல்ல தடி வயர் தெரியுது, சரி வேல நடந்திருக்குன்னு நெனச்சுட்டோம்.

மார்கழி கடைசி வாரம் அத்தை காலைல அஞ்சு மணிக்கு குளிச்சிட்டு இருக்கறப்ப லாஃப்ட் பக்கம் மீன் நாத்தம், நாங்க சைவம். எம்சிபிய (கரண்ட் அளவுக்கு மேல போனா தானா விழற சுவிட்ச்) இறக்கிட்டு கீழ் வீட்டு பெரியப்பாவ கூப்பிட்டேன், மின்வாரியத்துல வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் சுவிட்ச தொடவே இல்ல, நேரா மெயின் பாக்ஸ தொறந்தார். எம்சிபில வந்து நிக்கிறது பழைய மெல்லிசு வயர், மேல 1.5ன்னு பிரிண்டே இருக்கு. நாலு ஸ்கொயர் வயர் சுவிட்ச்ல இருந்து லாஃப்ட் ஜங்ஷன் பாக்ஸ் வரைக்கும்தான், அங்க பழைய வயரோட முறுக்கி டேப் சுத்தி வச்சிருக்கான், அந்த டேப்தான் கரிஞ்சு நாத்தம். இது போதாதுன்னு பழைய 16 ஆம்ப்ஸ் எம்சிபிய எடுத்துட்டு 32 போட்டுட்டு போயிருக்கான், அந்த வயருக்கு! வயரே எரிஞ்சாலும் அது விழாதும்மான்னார்.

இவ்ளோ சூடாகியும் பழைய எம்சிபி கூட ஏன் ஒருதடவயும் விழலன்னு கேட்டேன். 2000 வாட்ஸுக்கு எப்பவும் 9 ஆம்ப்ஸுக்குள்ளதான் போகும், லூஸ் கனெக்‌ஷன்ல அது அதிகமாகாது, அப்புறம் எம்சிபி எதுக்கு விழணும்? முனை லூஸா இல்ல கருகியிருந்தா அந்த ஒரு இடத்துல மட்டும் ரெசிஸ்டன்ஸ் ஏறும், 0.2 ஓம்ஸ் இருந்தாலே 15 வாட்ஸ் சூடு, சின்ன சால்டரிங் அயர்ன ஆன் பண்ணி பாக்ஸுக்குள்ள வச்சு மூடின மாதிரி. ஷாக் அடிக்காம காப்பாத்தற ஆர்சிசிபி சுவிட்சும் கண்டுக்காது, அது பாக்கறது கரண்ட் லீக்கேஜ மட்டும். கருகின செம்பை வெட்டி தள்ளிட்டு பளபளன்னு தெரியற எடத்துல இருந்துதான் திருப்பி மாட்டணுமாம், முதல் நாளே அத செஞ்சிருந்தா 480 ரூபாயோட முடிஞ்சிருக்கும்.

நல்லவேளை பழைய எலிமென்ட நான் தூக்கிப் போடல. மீட்டர் வச்சார், 26 ஓம்ஸ் காட்டுச்சு, 2000 வாட்ஸுக்கு அதுதான் சரியான அளவாம். நல்ல எலிமென்ட கழட்டி 1,400 வாங்கியிருக்கான்.

புதுசா லைன் இழுக்கறாங்கன்னா ரெண்டு முனையையும் பாருங்க, மெயின் பாக்ஸ்லயும் சுவிட்ச்லயும், மெயின ஆஃப் பண்ணிட்டு அவங்களையே தொறந்து காட்ட சொல்லுங்க, வயர் மேல சைஸ் அடிச்சிருக்கும். எம்சிபி மேல என்ன நம்பர்னு வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அவனுக்கு போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, அவ்ளோதான். பெரியப்பா நின்னு வேற ஆள வச்சு முழு லைனும் மாத்தி, 20 ஆம்ப்ஸ் டிபி சுவிட்ச் (ரெண்டு வயரையும் சேர்த்து துண்டிக்கறது) போட்டு ஒரு மாசமாச்சு, அரை மணி நேரம் ஓடினாலும் சுவிட்ச் ஜில்லுனு இருக்கு. அத்தை மட்டும் இன்னும் அடுப்புல தண்ணி காய வச்சுதான் குளிக்கறாங்க.