சோல்ஷேரா, சோல்பாக்கனா?

பயிற்சியாளராக மாறிய நார்வே கால்பந்து வீரர்களில் யாரைப் பற்றி முதலில் படிப்பது? பலரும் தடுமாறுவது இந்த இருவரிடம்தான்.

ஆட்டம்
ஓலே குன்னர் சோல்ஷேர்: மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 366 ஆட்டங்களில் 126 கோல். 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மாற்று வீரராக இறங்கியவர், காயநேரத்தில் (ஆட்ட முடிவில் சேர்க்கும் கூடுதல் நிமிடங்களில்) சக வீரர் ஷெரிங்ஹாம் தலையால் தட்டிவிட்ட பந்தைக் காலை நீட்டி வலைக்குள் தள்ளினார். கோப்பை யுனைடெட்டுக்கு!
ஸ்டோலே சோல்பாக்கன்: நடுக்கள வீரர். சரி, இதில் போட்டியே இல்லை.

முடிந்த விதம்
சோல்ஷேர்: முழங்கால் காயம், 2007.
சோல்பாக்கன்: 2001 மார்ச்சில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் கிளப்பில் பயிற்சியின்போது இதயம் நின்றுவிட்டது. கிளப் மருத்துவர் உயிரை மீட்டார். பேஸ்மேக்கர் வந்தது, ஆட்டம் போனது.

பயிற்சி
சோல்ஷேர்: நார்வேயின் மோல்டே கிளப்புக்கு அதன் முதல் லீக் பட்டங்கள், 2011, 2012. யுனைடெட்டில் ஏறக்குறைய மூன்று வருடம், கோப்பை இல்லை.
சோல்பாக்கன்: பயிற்சியாளராகக் கோபன்ஹேகன் கிளப்புடன் 8 லீக் பட்டங்கள். அப்புறம் 1998க்குப் பிறகு முதல்முறையாக நார்வேயை உலகக்கோப்பைக்குத் தகுதிபெற வைத்தார், 2026க்கு.

ஒரு ராத்திரியின் சிலிர்ப்பு போதுமென்றால் சோல்ஷேர். பயிற்சித் தொழிலே புரிய வேண்டுமென்றால் என் ஓட்டு சோல்பாக்கனுக்கு. ஜெர்மனியின் கொலோன் கிளப்பிலும் இங்கிலாந்தின் வுல்வ்ஸ் கிளப்பிலும் அவர் சறுக்கியதையும் விடாமல் படியுங்கள்.