ஒலிப்பாடம் தயாரிக்க ஆடாசிட்டி: கல்லூரி ஆசிரியர்களுக்கான ஒரு மதிப்புரை

பாடத்தைப் பாட்காஸ்டாகத் தர விரும்பும் கல்லூரி ஆசிரியருக்கு விலையுயர்ந்த ஒலிவாங்கியைவிட முதன்மையான தேவை ஒன்று உண்டு. பேசியதை வெட்டிச் செப்பனிடவும், அடுத்த ஆண்டு பாடத்திட்டம் மாறும்போது பழைய பதிவில் ஒரு பகுதியை மட்டும் மாற்றிச் சேர்க்கவும் இடம்தரும் மென்பொருளே அது. ஆடாசிட்டியை அந்த ஒரு தேவையை முன்வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் 1999-இல் தொடங்கி, 2000-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கட்டணமின்றி இயங்குவதால், ஆசிரியர் பயன்படுத்தும் அதே கருவியை மாணவர்களுக்கும் பரிந்துரைத்து, அவர்களையே பாட்காஸ்ட் தயாரிக்கச் சொல்லி ஒப்படைப்பு தரலாம். கைபேசிக்கான பதிப்பு இல்லாததால், கணினி இல்லாத மாணவர்களுக்கு மட்டும் கல்லூரி ஆய்வகத்தில் நேரம் ஒதுக்கித் தர வேண்டியிருக்கும்.

வகுப்பை ஒலியாக மாணவர் கையில் கொடுக்கும் எண்ணம் புதிதன்று. டியூக் பல்கலைக்கழகம் 2004-லேயே முதலாண்டு மாணவர்கள் 1,600-க்கும் மேற்பட்டோருக்கு ஐபாட் என்னும் கையடக்க ஒலிக்கருவியை வழங்கிப் பார்த்தது. ஆனால் ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவேற்றிவிட்டால் அது பாடமாகிவிடாது. 2010-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், ஒரே உள்ளடக்கத்தைக் கட்டுரையாக வாசித்த மாணவர்கள், அதை ஒலிவடிவில் கேட்டவர்களைவிடத் தேர்வில் சிறப்பாக எழுதினார்கள். வாசிப்பவர் புரியாத வரிக்கு உடனே கண்ணைத் திருப்பிக்கொள்கிறார். கேட்பவருக்கோ திரும்ப வேண்டிய இடம் எதுவென்றே தெரிவதில்லை. அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்க உதவும் வசதி ஆடாசிட்டியில் இருப்பதுதான் என்னைப் பெரிதும் கவர்ந்தது.

லேபிள் தடம் என்று அதற்குப் பெயர். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, விண்டோஸில் கன்ட்ரோல்-எம் விசைகளை அழுத்தினால் அந்த நொடியில் ஒரு குறி விழுகிறது. அதன்மேல் 'வரையறை', 'முதல் எடுத்துக்காட்டு', 'பயிற்சிக் கேள்வி' என்று பெயர் எழுதிக்கொள்ளலாம். சொல் தடுமாறிய இடங்களிலும் இதே முறையில் குறியிட்டுவிட்டுத் தொடர்ந்து பேசினால், பின்னர் முழுப் பதிவையும் மறுபடி கேட்டுத் தேட வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் இந்தக் குறிகளை உரைக்கோப்பாக ஏற்றுமதி செய்து, பாடத்தின் பொருளடக்கமாக மாணவர்களுக்குத் தரலாம். அல்லது குறிக்குக் குறி தனித்தனி ஒலிக்கோப்புகளாகப் பிரித்து, ஒரு கருத்துக்கு ஒரு கோப்பு என்று வழங்கலாம். இரண்டாவது வழியையே நான் விரும்புகிறேன், ஏனெனில் தேர்வுக்கு முன் ஒரே ஒரு கருத்தைத் திரும்பக் கேட்க வரும் மாணவருக்கு அது நேராகப் பயன்படுகிறது. குறைகளும் உள்ளன. உரைக்கோப்பில் நேரங்கள் நொடிக்கணக்கில் மட்டுமே வருவதால், நிமிடமாக மாற்றும் வேலை நம்முடையது. தடங்களை ஒன்றோடொன்று சேர்ந்தே நகரவைக்கும் சிங்க்-லாக் என்னும் அமைப்பை இயக்க மறந்துவிட்டு ஒலியை மட்டும் வெட்டினால் குறிகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும்.

வெட்டும் வேலை இப்போது நிறையவே எளிதாகிவிட்டது. 2021 இறுதியில் வந்த 3.1 பதிப்பிலிருந்து, ஒலித்துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சுருக்கினாலும் உள்ளே இருக்கும் ஒலி அழிவதில்லை. வேண்டும்போது மீண்டும் இழுத்து விரிக்கலாம். 2022-இல் வந்த 3.2 பதிப்பு முதல், ஒலியை மாற்றியமைக்கும் விளைவுகளைப் (எஃபெக்ட்) பதிவின்மேல் நிலையாகப் பதிக்காமல், ஓடும்போதே சேர்த்துக் கேட்டு நீக்கவும் முடிகிறது. மௌனங்களைத் தானாகக் குறைக்கும் வசதியை மட்டும் ஒலிப்பாடத்தில் முழுப் பதிவுக்கும் ஒருசேரப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர் விடும் இடைவெளி மாணவர் சிந்திப்பதற்கானது. தாள் திருப்பும்போது விழும் இடைவெளி வெறும் தாமதம். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே, ஆகையால் எதை நீக்குவது என்பதை ஆசிரியரே காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இரைச்சல் நீக்கம் இரண்டு படிகளில் நடக்கிறது. பேச்சில்லாத ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து அறையின் இரைச்சலை முதலில் மென்பொருளுக்கு அறிமுகம் செய்ய வேண்டும்; பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து நீக்க வேண்டும். ஆகவே பேசத் தொடங்குமுன் சில நொடி அமைதியாகப் பதிவு செய்வதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. மின்விசிறி, குளிர்சாதனம் போன்ற சீரான ஓசைகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. எதிரொலிக்கும் அறையை இதனால் சரிசெய்ய முடியாது, அளவை மிகுத்தால் குரல் உலோகத்தன்மை அடைந்துவிடும். ஒலியளவைச் சமன்செய்யும் வசதியின் தொடக்க அளவு −23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு; எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க ஒலி உரக்கும்). அது ஒளிபரப்புத் தரம். பாட்காஸ்டுகளுக்கு வழக்கமான −16-க்கு மாற்றாவிட்டால், பேருந்தில் கேட்கும் மாணவருக்குப் பாதிச் சொற்கள் எட்டாது.

மொழியியலோ இசையோ கற்பிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் பயன்: ஒலியின் அதிர்வெண்களை நேரவாரியாகப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் திறந்தால் குறில், நெடில் வேறுபாட்டை மாணவர்கள் கண்ணாலேயே காணலாம்.

கோப்பு வடிவம் புதியவர்களைக் குழப்பும். சேமித்தவுடன் கிடைப்பது ஆடாசிட்டி மட்டுமே திறக்கக்கூடிய ஏயூபி3 திட்டக் கோப்பு. மாணவர்களுக்குத் தர வேண்டியது ஏற்றுமதி செய்த எம்பி3 கோப்பு. இருபது நிமிட ஒற்றைத்தடப் பேச்சு திட்டக் கோப்பில் 200 எம்பியைத் தாண்டும். அதையே நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 10 எம்பிக்குள் அடங்கும், பேச்சுக்கு அந்தத் தரம் போதும். இருப்பினும் திட்டக் கோப்பை அழிக்கக் கூடாது, அடுத்த ஆண்டின் திருத்தம் அதில்தான் நடக்கும். பாடங்களை ஏற்றி வைக்கும் தளங்கள் நிலையானவை அல்ல என்பதும் இதற்கு இன்னொரு காரணம். பல பல்கலைக்கழகங்கள் நம்பியிருந்த, ஆப்பிள் நிறுவனத்தின் பாடத் தளமான ஐடியூன்ஸ் யூ 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது, கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டது.

பாடத்தைப் பாட்காஸ்டாக வெளியிடும் ஓடையை ஆடாசிட்டியே உருவாக்கித் தருவதில்லை. புதிய பதிவுகளைக் கேட்பவரின் செயலிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடையையோ கல்லூரியின் கற்றல் தளத்தையோ தனியாக நாட வேண்டும். எழுத்துவடிவமும் இதிலேயே உள்ளடங்கி வருவதில்லை, இதைத்தான் பெரிய குறையாகக் கருதுகிறேன். செவித்திறன் குறைந்த மாணவருக்கு எழுத்துவடிவம் இல்லாத ஒலிப்பாடம் பாடமே அன்று. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், தன் இலவசப் பாடப்பதிவுகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று அமெரிக்க நீதித்துறை அறிவித்ததைத் தொடர்ந்து, 2017-இல் 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப்பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஓப்பன்வினோ என்னும் இலவசச் செருகுநிரலை நிறுவினால், விஸ்பர் என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கொண்டு பேச்சை எழுத்தாக்கி, லேபிள் தடத்திலேயே வரிவரியாக வைக்க முடியும். தமிழையும் விஸ்பர் புரிந்துகொள்கிறது, ஆனால் கலைச்சொற்களிலும் பெயர்களிலும் பிழைகள் வரும் என்பதால் ஆசிரியர் வரிவரியாகத் திருத்தியே ஆக வேண்டும். அந்த நேரத்தையும் பாடத் தயாரிப்பு நேரமாகக் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ளுமானால், ஆடாசிட்டியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.