ஆங்கிலம்–ஸ்பானிஷ் அகராதி ஆப்: உச்சரிப்பு அருமை, வரிசை கோளாறு

அகராதி ஆப் தேறுமா என்று பார்க்க நான் கடினமான சொற்களைத் தேடுவதில்லை. 'மிஸ்கன்செப்ஷன்' மாதிரி ஒன்றைப் போட்டுப் பார்ப்பேன். பொருள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஸ்பானிஷில் ஒற்றைச் சொல்லில் அடங்காது. ஸ்பானிஷ் மொழித்திறனைச் சோதிக்கும் டெலெ தேர்வில் பி2 நிலைக்குப் படிக்கிறேன். 'பலரும் அப்படி நம்புகிறார்கள், ஆனால்...' என்று கட்டுரையில் எழுத நினைத்தாலே இந்தச் சொல் வந்து நிற்கும்.

இந்த ஆப் தரும் ஆங்கில விளக்கத்தில் குறையில்லை. தவறாகப் புரிந்துகொண்டு, உண்மை என்றே நம்பிக்கொண்டிருக்கும் கருத்து. தெரிந்தே சொல்லும் பொய் இதில் சேராது என்பதையும் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது.

ஸ்பானிஷ் பக்கம் போனால்தான் தலைவலி. முதலில் நிற்பது 'மாலென்தென்தீதோ'. நீங்கள் ஒன்று சொல்ல, நான் வேறொன்றாக எடுத்துக்கொள்ள, அதனால் வரும் மனஸ்தாபம்தான் பெரும்பாலும் இந்தச் சொல்லுக்குப் பொருள். காளை சிவப்பைக் கண்டால் பாயும் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். காளையின் கண்ணில் சிவப்பைப் பிரித்தறியும் கூம்பு செல்களே கிடையாது. ஸ்பெயினின் காளைப்போரில் சிவப்புத் துணியான 'முலேதா' கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. அதற்கு முன்பு வீசும் பெரிய துணியான 'கபோதே' பொதுவாக ஒரு பக்கம் அடர் இளஞ்சிவப்பு, மறுபக்கம் மஞ்சள். காளை அதையும் விடாமல் முட்டுகிறது, அசைவதைப் பார்த்து. இந்த நம்பிக்கையை 'மாலென்தென்தீதோ' என்று எழுதினால், காளைக்கும் நமக்கும் ஏதோ வாய்த்தகராறு என்பதுபோல் ஆகிவிடும்!

இங்கே பொருந்துவது 'இதேயா எகிவொகாதா' (தவறான எண்ணம்) அல்லது 'கொன்செப்தோ எர்ரோனெயோ' (பிழையான கருத்து). இரண்டும் ஆப்பில் இருக்கின்றன, மூன்றாவதும் நான்காவதுமாக, விரலால் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில். 'இதேயா' பெண்பால், 'கொன்செப்தோ' ஆண்பால், அதற்கேற்ப அடைமொழியின் ஈறு மாறும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களில் தடித்த எழுத்தில் காட்டியிருப்பது நல்ல வேலை. பன்மைக்கும் தனி வாக்கியம் உண்டு.

'தொடர்புடைய சொற்கள்' பகுதியில் விளக்கம் எதுவும் இல்லாமல் 'இலுசியோன்' என்று போட்டிருக்கிறார்கள். பிரமை என்ற பொருள் அதற்கு உண்டுதான். ஆனால் அன்றாடப் பேச்சில், குறிப்பாக ஸ்பெயினில், 'மே ஆஸே இலுசியோன்' என்றால் எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது, ஆவலாகக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம். புதிதாகப் படிப்பவர்கள் இதில் வழுக்கி விழுவது நிச்சயம்.

உச்சரிப்புக்கு மட்டும் முழு மதிப்பெண். ஸ்பெயின் குரல், மெக்சிகோ குரல் என இரண்டு பொத்தான்கள். 'கொன்செப்தோ'வில் நடுவில் வரும் ஒலி ஸ்பெயின் குரலில் நாக்கு நுனி பல்லில் பட்டுக் காற்றாக வெளிவருகிறது. மெக்சிகோ குரலில் சாதாரண 'ஸ'. 'எர்ரோனெயோ'வில் ரகரம் உருள்வதும் 'ரோ'வில் அழுத்தம் விழுவதும் இயர்போன் இல்லாமலே கேட்கிறது.

ஐந்துக்கு மூன்று. வாங்குவதானால் காதுக்காக வாங்குங்கள். பொருளைச் சரிபார்க்க, 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பானிஷ் மொழிக் கழகமான ரெயால் அகாதெமியா எஸ்பஞோலாவின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விளக்கமெல்லாம் ஸ்பானிஷிலேயே இருக்கும் என்பதால் பி2-க்கு முந்தைய பி1 நிலையைத் தாண்டியவர்களுக்குத்தான் அது சரிப்படும்.